எக்ஸின் தோளில் மூன்று

தரணிக்கு வீடு அவிநாசியில், வேலை திருப்பூரில். லேபிள் அடிக்கும் யூனிட் ஒன்றில் கம்ப்யூட்டர் ஆபரேட்டர். பனியனைத் திருப்பிப் பார்த்தால் உள்பக்கத் தையலோரம் சின்ன வெள்ளை நாடா ஒன்று இருக்கும் அல்லவா? அதில் துவைக்கிற தொட்டி, முக்கோணம், இஸ்திரிப் பெட்டி, வட்டம் என்று வரிசையாகப் படங்கள் இருக்கும். அந்தப் படங்களைக் கோரல்டிரா என்ற படம் வரையும் மென்பொருளில் வரிசைப்படுத்தி அச்சுக்கு அனுப்புவதுதான் அவள் வேலை. பத்தாவதோடு கல்யாணமாகி வந்தவள். லேபிள் மடிக்கும் மேசையில் சேர்ந்து, பக்கத்து அறையில் படம் போடுகிறவர்களை எட்டிப் பார்த்துப் பார்த்து, ஒரு சீசனில் ஆள் வராத நாளில் தானே போய் உட்கார்ந்துவிட்டாள். தொட்டிக்குள் இருக்கும் முப்பது என்ற எண் ஒரு நூல் அளவு ஒதுங்கியிருந்தாலும் அவள் கண்ணுக்கு உறுத்தும்.

அவள் கணவர் மகுடேஸ்வரன் பக்கத்திலேயே ஒரு பள்ளிக்கூடத்தில் பிளஸ் டூ கணக்கு வாத்தியார். ஒரே மகள் பிரியங்கா கோயமுத்தூரில் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாள். வீட்டில் இவர்கள் இரண்டு பேர்தான்.

இரண்டாயிரத்து மூன்று வாக்கில் மகுடேஸ்வரனின் வலது கை நடுங்க ஆரம்பித்தது. முதலில் காபி டம்ளர் தளும்பியது. பிறகு சட்டைப் பொத்தான் பிடி கொடுக்காமல் போனது. கோவை டாக்டர் பார்த்துவிட்டு நடுக்கவாதம் என்றார். மாத்திரையால் வேகத்தைக் குறைக்கலாம், நிறுத்த முடியாது என்றார். மகுடேஸ்வரன் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சட்டைப் பொத்தானைத் தரணி போட்டுவிட்டாள். டம்ளரில் பாதியளவு ஊற்றிக் கொடுத்தாள். அவரும் ஏதாவது கிண்டல் செய்துகொண்டேதான் பள்ளிக்கூடம் போய்வந்தார்.

ஒருநாள் சாயங்காலம் அவள் கம்பெனி வேனிலிருந்து இறங்கி வந்தபோது, அவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசற்படியில் உட்கார்ந்திருந்தார்.

"ஏனுங்க, உள்ள போகாம இங்கயே உக்காந்துட்டீங்க?"

"மூணு கீழ உளுந்துருச்சு அம்மிணி."

அவர்தான் எங்கேயோ விழுந்துவிட்டார் என்று நினைத்துத் தரணி பதறிப்போய் அவர் முழங்காலைத் தடவிப் பார்த்தாள். அவர் தலையை ஆட்டினார். விஷயத்தை மெதுவாகத்தான் சொன்னார்.

அன்று வகுப்பில் அவர் எக்ஸ் எழுதி அதன் மேலே சின்னதாக மூன்று போட்டிருக்கிறார். எக்ஸை மூன்று முறை பெருக்கு என்று அதற்கு அர்த்தம். கை நடுங்கியதில் அந்த மூன்று இறங்கிக் காலடியில் விழுந்துவிட்டது. கீழே நின்றால் அது வேறு ஏதோ ஒன்று. பாதிப் பிள்ளைகள் அப்படியே எழுதிக்கொண்டு கணக்கு வராமல் விழித்தார்கள். கடைசியில் ஒரு பெண் எழுந்து, "சார், அந்த மூணு மேலயுங்களா, கீழயுங்களா?" என்று கேட்டாள். அவர் திரும்பிக் கரும்பலகையைப் பார்த்தார். எது மேலே, எது கீழே என்று அவருக்கே தெரியவில்லை.

"என்ற கையெழுத்து எனக்கே படிக்கத் தெரீல. இனி நா போர்டுல எழுதறது புள்ளைகளுக்குச் செய்யற துரோகம். வேலை வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டு ஊட்டுல இருந்துக்கறேன்."

தரணி அவர் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனாள். மறுநாள் காலை, காபியை ஆற்றிக்கொண்டே சொன்னாள்:

"நா அடிச்சுக் குடுக்கறனுங்க."

"என்னத்த?"

"நீங்க போர்டுல எழுதறத. கம்ப்யூட்டர்ல அடிச்சு, ஜெராக்ஸ் போட்டு, ஆளுக்கு ஒண்ணு கையில குடுத்துட்டாப் போச்சு. நீங்க வாயில சொல்லிக் குடுங்க."

"உனக்குக் கணக்குன்னாலே ஆகாதே அம்மிணி."

"என்னையக் கணக்குப் போடச் சொல்லாதீங்க. எது எங்க நிக்கோணும்னு மட்டும் சொல்லுங்க."

யூனிட் முதலாளி அப்புசாமியிடம் கேட்டாள். மூலையில் கிடந்த பழைய கம்ப்யூட்டர் ஒன்றை அவர் கொடுத்தார். துணி மூட்டைகளுக்கு நடுவே வேனில் ஏறி அது அவிநாசி வந்து சேர்ந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை வேலை தொடங்கியது. மகுடேஸ்வரன் நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டு, நடுங்கும் கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு சொல்லச் சொல்ல, தரணி தனக்குத் தெரிந்த கோரல்டிராவில் ஒவ்வொரு குறியாக வைத்தாள். முதல் மூன்றை மிகவும் மேலே கொண்டுபோய்விட்டாள்.

"அது என்ன அம்மிணி, தனியா வானத்துல நிக்குது? எக்ஸோட தோள்மேல உக்கார வையி. தேருக்குப் போறப்ப புள்ளையத் தூக்கி வெப்பமல்ல, அந்த மாதிரி."

அதற்குப் பிறகு மேலே நிற்பதெல்லாம் தோள் ஆயிற்று, கீழே நிற்பதெல்லாம் பாதம் ஆயிற்று. வர்க்கமூலக் குறியின் நீண்ட கோடு கூரை. அந்தக் கூரை எதுவரை போகிறது என்பதில்தான் கணக்கே இருக்கிறது என்று அவர் சொன்னார். எக்ஸோடு நின்றால் ஒரு விடை. பக்கத்தில் இருக்கும் ஒன்றையும் சேர்த்து மூடினால் வேறு விடை.

"அப்பக் கூரைக்குள்ள ஆரார் இருக்கறாங்கன்னு மொதல்லயே சொல்லிப்போடுங்க."

"எக்ஸும் ஒண்ணும்."

"செரிங்க. ரெண்டு பேரும் நனையாம இருக்கட்டும்," என்று அவள் கோட்டை இழுத்துவிட்டாள். மகுடேஸ்வரன் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நாளாகியிருந்தது.

தொகையீட்டுக் குறிதான் அவளைப் பாடாய்ப்படுத்தியது. நீளமாக, இரண்டு முனையும் வளைந்த கொக்கி மாதிரியான குறி. அதன் உச்சியில் ஓர் எண், அடியில் ஓர் எண். இரண்டையும் நேர்க்கோட்டில் வைத்தாள். குறியே சாய்ந்து நிற்கிறது, அதனால் மேலே இருப்பது கொஞ்சம் வலப்பக்கம் போக வேண்டும், கீழே இருப்பது இடப்பக்கம் உள்ளே வர வேண்டும் என்றார் அவர். வைத்துப் பார்த்தாள். உண்மைதான், இப்போதுதான் அது நிலையாக நின்றது. சமக்குறியும், பின்னத்தின் நடுக்கோடும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும் என்பதை அவளே கண்டுபிடித்தாள். அவர் இத்தனை வருஷம் அப்படித்தான் எழுதிக்கொண்டிருந்தார். ஆனால் அப்படி எழுதுகிறோம் என்று நினைத்துப் பார்த்ததில்லை.

அழகாகத்தான் வந்தது. ஆனால் ஒரு தாள் முடிவதற்குள் மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டிவிட்டது. போதாக்குறைக்கு, நடுவில் ஒரு வரி விட்டுப்போயிற்று என்று அவர் சொன்னால், கீழே இருக்கும் ஒவ்வொரு துண்டையும் தனித்தனியாகப் பிடித்து நகர்த்த வேண்டும். ஒரு குறி தவறிப் பின்தங்கிவிட்டால் கணக்கே மாறிவிடும்.

திருப்பூரில் யூனிட்டுக்கு எதிரே பிரிசில்லா என்ற பெண் டி.டி.பி. சென்டர் வைத்திருந்தாள். கல்யாணப் பத்திரிகை, சர்ச் நோட்டீஸ், கம்பெனிக் கடிதம் எல்லாம் அவளிடம்தான் அடிப்பார்கள். தரணி அவளிடம் போய்த் தன் தாளைக் காட்டினாள்.

"இதெல்லாம் கையில நகத்துனீங்களா தரணியக்கா? ஐயோ கடவுளே!" என்றாள் பிரிசில்லா. பிறகு வேர்டைத் திறந்து, அதற்குள் சமன்பாடு எழுதுவதற்கென்றே இருக்கும் ஒரு பலகையைக் கொண்டுவந்தாள். தொகையீட்டுக் குறியைத் தொட்டால் மேலே ஒரு சின்னக் கட்டமும் கீழே ஒரு சின்னக் கட்டமும் தாமாகவே வந்து நின்றன. வர்க்கமூலத்துக்குள் எக்ஸ் அடித்தாள், கூட்டல் அடித்தாள், ஒன்று அடித்தாள். அடிக்க அடிக்கக் கோடு நீண்டுகொண்டே போனது.

அன்று வீட்டுக்குள் நுழையும்போதே தரணி கூவினாள்: "ஏனுங்க, கூரை தானா நீளுதுங்க!"

தாள்கள் வகுப்புக்குப் போயின. மகுடேஸ்வரன் நாற்காலியில் உட்கார்ந்து வாயால் விளக்கினார். பிள்ளைகள் முறை வைத்து எழுந்துவந்து கரும்பலகையில் போட்டார்கள். இத்தனை வருஷமும் பாதி நேரம் பிள்ளைகளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் பாடம் நடத்தியிருக்கிறேன் என்று ஒருநாள் தரணியிடம் சொன்னார். இப்போது யார் முகத்தில் எந்த வரியில் வெளிச்சம் வருகிறது, எந்த வரியில் இருள்கிறது என்று தெரிகிறதாம். வேலையை விடுவதைப் பற்றி அவர் அதற்குப்பின் பேசவில்லை.

தாள்கள் பள்ளிக்கூடத்தோடு நிற்கவில்லை. பனியன் கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டே தனித்தேர்வு எழுதுகிறவர்கள் ஜெராக்ஸின் ஜெராக்ஸை வைத்துப் படித்தார்கள். இரண்டு மூன்று முறை நகல் எடுத்ததில் சின்ன எண்கள் கறையாகிவிட்டன. "இத ஒரு புஸ்தகமாப் போட்டுருங்க சார்," என்று பிரிசில்லாதான் முதலில் சொன்னாள். புத்தகத்துக்குப் பேஜ்மேக்கர் என்ற மென்பொருளில் பக்கம் கட்ட வேண்டியிருந்தது. அங்கே கொண்டுபோய் ஒட்டியதும் ஒவ்வொரு சமன்பாடும் தமிழ் வரிக்கு மேலே எம்பி நின்றது. தரணி ஒவ்வொன்றையும் மவுஸால் பிடித்து இறக்கினாள். அவர் பின்னால் இருந்து, "இன்னும் ஒரு நூலு… இன்னும் கொஞ்சம்… நில்லு, நில்லு," என்பார். மழைக்காலம் போய்ப் பனிக்காலம் வந்தது. ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் இப்படியே கழிந்தன.

ஒருவழியாக அச்சகத்துக்குக் கொடுத்தார்கள். முதல் பதினாறு பக்கப் பாரம் அச்சாகிவிட்டது, வந்து பாருங்கள் என்று ஆள் வந்து சொன்னதும், தரணி யூனிட்டில் அரைநாள் லீவு போட்டுவிட்டு ஓடினாள். மை காயாத தாளை விரித்தாள். தமிழ் நன்றாக இருந்தது. ஆனால் தொகையீட்டுக் குறி ஒன்றுகூட இல்லை. அது இருந்த இடத்தில் எல்லாம் தலையில் ஒரு சாய்கோட்டோடு ò என்று ஓர் எழுத்து நின்றது. வர்க்கமூலம் இருந்த இடத்தில் இரண்டு புள்ளி வைத்த Ö. அவர்கள் கம்ப்யூட்டரில் இருந்த எழுத்துரு அச்சகத்துக் கம்ப்யூட்டரில் இல்லை. அது தனக்குத் தெரிந்த எழுத்தைப் போட்டுவிட்டது. அச்சகத்துக்காரர் பாவம், கணக்கு என்றால் இப்படித்தான் இருக்கும் என்று நினைத்து அச்சடித்துவிட்டார்.

தரணி ஒரு தாளைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வீடு வந்தாள். லேபிள் வேலையில் எழுத்தையெல்லாம் வெறும் வடிவமாக மாற்றிவிட்டுத்தான் அச்சுக்கு அனுப்புவாள். எந்த ஊர்க் கம்ப்யூட்டரில் திறந்தாலும் மாறாது. இதில் எப்படி மறந்தேன் என்று வழியெல்லாம் தன்னையே திட்டிக்கொண்டாள். தாளை அவர் முன்னால் விரித்ததும் அழுகை வந்துவிட்டது.

"உங்க கணக்கையெல்லாம் கெடுத்துப்போட்டனுங்க."

மகுடேஸ்வரன் தாளைப் பார்த்தார். அவர் தோள் குலுங்கியது. நடுக்கம் அதிகமாகிவிட்டதோ என்று அவள் பயந்து நிமிர்ந்தாள். அவர் சத்தம் வராமல் சிரித்துக்கொண்டிருந்தார்.

"பாரு அம்மிணி, கொறி மாறிப்போச்சு. ஆனா அந்த ரெண்டு எண்ணும் எங்கியும் போகல. மேல இருக்கறது வலப்பக்கம், கீழ இருக்கறது இடப்பக்கம். நீ வெச்ச எடத்துலயே நிக்குது." இப்போது கொஞ்சம் நடுங்கத் தொடங்கியிருந்த இடது கையால் அவள் கண்ணைத் துடைக்க முயன்றார், அது கன்னத்தில் எங்கெங்கோ பட்டது. அவள் அந்தக் கையைப் பிடித்துத் தன் கன்னத்தோடு அழுத்திக்கொண்டாள்.

எல்லாவற்றையும் மறுபடி செய்தார்கள். சமன்பாடுகளைக் கோரல்டிராவுக்குக் கொண்டுவந்து, வடிவமாக மாற்றி, புத்தகப் பக்கத்தில் வைத்தாள். ஒருமுறை மாற்றிவிட்டால் பிறகு திருத்துவது சிரமம்; அதனால் அவர் முன்கூட்டியே ஒவ்வொரு பக்கத்தையும் படித்துப் பார்த்தாக வேண்டும். அவர் தாளைப் பிடித்தால் வரிகள் ஆடின. எனவே தரணி எதிரே உட்கார்ந்து இரண்டு கையாலும் தாளைப் பிடித்துக்கொண்டாள். தவறு கண்ட இடத்தில் அவர் அவள் மணிக்கட்டை விரலால் தொடுவார். அவள் தாளைத் திருப்பிப் பார்ப்பாள். அவள் கை வலித்தால் அவருக்கு எப்படியோ தெரிந்துவிடும். "எனக்குக் காபி வேணும்" என்பார். அவருக்குக் காபி வேண்டியிருக்கவில்லை என்பது அவளுக்கும் தெரியும்.

புத்தகம் இரண்டாயிரத்து ஆறில் வந்தது. முகப்பில் அவர் பெயர். உள்ளே, அச்சிட்டோர் விவரத்துக்குக் கீழே, 'கணிதக் குறிகள் அமைப்பு: ம. தரணி' என்று ஒரு வரி. அது அவளுக்குத் தெரியாமல் பிரிசில்லாவிடம் சொல்லி அவர் சேர்த்தது. தரணி அதைப் பார்த்துவிட்டு, எதற்கு இதெல்லாம் என்று கோபித்துக்கொண்டாள். மறுநாள் யூனிட்டுக்கு ஒரு பிரதி எடுத்துப்போனாள்.

மேலும் இரண்டு வருஷம் அவர் பாடம் நடத்தினார். பிறகு நோய் குரலுக்கும் வந்தது. கடைசி பெஞ்சுக்குக் கேட்காத அளவுக்குப் பேச்சு தணிந்தபோது, அவரே எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தார். இந்தத் தடவை அதில் கசப்பு இல்லை. தரணியும் யூனிட்டை விட்டுவிட்டாள். வேறு வாத்தியார்களின் கணக்குப் பக்கங்களை வீட்டிலேயே அமைத்துக் கொடுத்தாள். அவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு முற்பகல் போன் வந்தது. தரணி அவர் காதில் பிடித்தாள். ஒலிபெருக்கியில் போட்டதால் அவளுக்கும் கேட்டது.

"சார், நான் செல்லத்தாய் பேசுதேன். வெள்ளகோவில்ல தையல் கம்பெனில இருக்கேன். உங்க புஸ்தகத்த வச்சுத்தான் பரீட்சைக்குப் படிக்கேன். கடைசிப் பாடத்துல ஒரு கணக்கு விடை வரவே மாட்டேங்கு சார். மூணு தரம் போட்டுட்டேன். ரெண்டாவது வரியில ஒரு கழித்தல் குறி விட்டுப்போச்சோன்னு தோணுது. தப்பாச் சொல்லுதேன்னா மன்னிச்சுக்கிடுங்க."

தரணி புத்தகத்தை எடுத்துப் பிரித்தாள். அவர் பார்த்தார். விட்டுத்தான் போயிருந்தது. அத்தனை தடவை தாளைப் பிடித்துப் படித்தும் இரண்டு பேர் கண்ணிலும் படவில்லை.

"நீங்க சொல்றதுதான் செரீங்க," என்றார் மகுடேஸ்வரன், தம்மால் முடிந்த அளவு உரக்க. "அவிநாசிப் பக்கம் வந்தா ஊட்டுக்கு வாங்க சாமி."

போனை வைத்த பிறகு தரணிக்கு வருத்தமாக இருந்தது. அவர் முகமோ மலர்ந்திருந்தது. அவள் குனிந்து காதைக் கொடுத்தாள்.

"கடைசிப் பாடம் அம்மிணி," என்றார். "அது வரைக்கும் ஒருத்தங்க கணக்குப் போட்டுட்டு வந்திருக்காங்க."

தரணி கம்ப்யூட்டரைப் போட்டு, பக்கத்தைத் திறந்து, அந்தச் சின்னக் கோட்டை வரியில் வைத்தாள். அவர் கொஞ்ச நேரம் திரையைப் பார்த்தார். பிறகு ஒரு விரலை இடப்பக்கமாக அசைத்தார். அவள் ஒரு நூல் நகர்த்தினாள்.