நாலு டிஸ்க்கும் ஒரு ஓகே பட்டனும்

கம்ப்யூட்டர் சர்வீஸ் தொழிலில் பெட்டியைத் திறக்கும்வரைதான் நான் மேடம். திறந்துவிட்டால் அதற்கு ஏற்கெனவே இருந்த வியாதிக்கெல்லாம் நான்தான் காரணம். ஸ்க்ரூடிரைவர் பிடித்துப் பிழைக்கிற உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தாம்பரத்தில் கடை வைத்திருக்கும் நான் பம்மலில் ஒரே வேலையில் பட்ட பாட்டைக் கேளுங்கள்.

காப்பி இருக்கா?

சேவியர் அண்ணன் பள்ளிச் சீருடைகளுக்கு பேட்ஜ் எம்பிராய்டரி போடுகிறவர். சுற்றுவட்டாரப் பள்ளிகளின் சின்னங்களை எல்லாம் அவரிடம் வேலை பார்க்கும் செல்வி கம்ப்யூட்டரில் தையல் தையலாக வரைந்து வைத்திருந்தாள். அத்தனையும் இருந்தது நான்கு ஹார்ட் டிஸ்க்கில். நான்கையும் ஒன்றாகக் கட்டி ஒரே டிஸ்க்காக ஓட்டுகிற ரெய்டு ஏற்பாடு. கம்ப்யூட்டர் ஆன் ஆவதற்குள் டீ குடித்துவிட்டு வந்துவிடலாம் என்பதால், விண்டோஸுக்கு மட்டும் புதிதாக எஸ்எஸ்டி என்கிற வேகமான டிஸ்க் ஒன்று போடக் கூப்பிட்டார்.

டிசைன்களுக்கு வேறு காப்பி உண்டா என்று கேட்டேன். ஒரு டிஸ்க் போனால் மற்றவை தாங்கும், கூட்டே குழம்பினால் ஒன்றும் மிஞ்சாது, முதலில் காப்பி எடுக்கலாம் என்றேன். பள்ளி திறக்கப்போகிற அவசரத்தில் அவர் காதில் ஏறவில்லை. "அதான் நாலு டிஸ்க் கீதே மேடம், இன்னும் இன்னா காப்பி?"

செல்வியின் விரல்

நான்கு டிஸ்க்கின் கேபிளையும் கழற்றி வைத்துவிட்டுத்தான், பழைய விண்டோஸ் இருந்த தனி டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டியை மாட்டி விண்டோஸ் போட்டேன். என்ன அவசரமானாலும் இந்த வழக்கத்தை நான் விடுவதில்லை. கேபிள்களைத் திரும்ப மாட்டி ஆன் செய்ததும் திரையில் ஒரு கேள்வி: டிஸ்க்கைப் புதிதாகத் தயார் செய்யவா, ஓகே? நான் குனிந்து கேபிளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எம்பிராய்டரி மிஷினில் நூல் அறுந்தால் அது கத்தும். நூலைக் கோத்து ஓகே அமுக்கினால் ஓடும். நாள் முழுக்க அதையே செய்கிற செல்வியின் கை தானாக மவுஸுக்குப் போனது. நிமிர்ந்து பார்த்த நான் பேசக்கூட நேரமில்லாமல் மவுஸ் வயரையே உருவிவிட்டேன்.

எஸ்எஸ்டி மாட்டியதில் மதர்போர்டின் பயாஸ் செட்டிங் மாறிப்போய், கூட்டாக இருந்த டிஸ்க்குகளை விண்டோஸ் தனித்தனி வெற்று டிஸ்க்காகக் காட்டியிருக்கிறது. அமுக்கியிருந்தால் அவள் வரைந்த டிசைன்களுக்கு அவள் விரலே எமன். விஷயத்தைச் சொன்னதும் முகம் வெளுத்துவிட்டது. "ஓகேவான்னு கேட்டா அமுக்கத்தானேக்கா செய்வோம்?"

இரண்டைக் காணோம்

செட்டிங்கைச் சரிசெய்ததும் ரெய்டு வந்தது. ஆனால் நான்கில் இரண்டு டிஸ்க்கைக் காணோம், கூட்டு முறிந்தது என்றது. "பேஜாராப் பூட்ச்சே மேடம்" என்று சேவியர் அண்ணன் நாற்காலியில் சாய்ந்தார். ஆனால் காலையில் நன்றாக ஓடிய இரண்டு டிஸ்க் பேசி வைத்துக்கொண்டு சாகாது என்று நினைத்து, மதர்போர்டின் விவரக்குறிப்பைத் தேடிப் படித்தேன். எஸ்எஸ்டி உட்கார்ந்திருந்த ஸ்லாட்டில் எதைப் போட்டாலும் காணாமல்போன டிஸ்க்குகள் மாட்டியிருந்த கடைசி இரண்டு போர்ட்டும் வேலை செய்யாதாம்! கழற்றிவிட்ட பழைய விண்டோஸ் டிஸ்க்கின் போர்ட்டுக்கு ஒரு கேபிளையும், யாரும் தொடாத டிவிடி டிரைவின் போர்ட்டுக்கு இன்னொன்றையும் மாற்றினேன். நான்கு டிஸ்க்கும் வரிசையாக வந்து நின்றன.

செல்வி ஒரு சின்னத்தைத் திறந்தாள். ஒரு தையல்கூடக் குறையவில்லை. எனக்கு நானே முதுகில் தட்டிக்கொள்ளக் கை எட்டவில்லை, அவ்வளவுதான். அந்த நேரம் பார்த்து ஒரு பள்ளியிலிருந்து போன் வந்தது. சேவியர் அண்ணன் கெத்தாகச் சொன்னார்: "ஒண்ணுமில்ல சார், கம்ப்யூட்டர்ல தூசி தட்டிக்கினு இருந்தோம், பேட்ஜ் நாளைக்கு வந்துரும்."

தூசி தட்டியதாகவே இருக்கட்டும், ஆனால் இந்தத் தூசியைத் தட்ட பம்மலிலிருந்து பெருங்களத்தூர் வரை ஆள் தேடினாலும் கடைசியில் என் கடைக்குத்தான் வரவேண்டும்.