கதிர்வேலின் கடலை விழுது

"மிக்சியில போட்டா சூடாயிருமுங்க. கடலக்காய்க்குக் கோவம் வந்துரும்" என்று சொல்லிக்கொண்டே கதிர்வேல் குழவியை இழுக்கிறார். அருள்புரத்தில் அவர் வீட்டுப் பின்வாசல். மேல்சட்டை கிடையாது. ஒரு குட்டைப் பலகை, எதிரே அம்மி.

வெள்ளகோவில் பக்கத்துக்காரர். ஐம்பத்திரண்டு வயது. வீட்டின் முன்பக்கத்தில் பன்னிரண்டு தையல் மிஷின் போட்டுச் சின்னதாக ஒரு பனியன் கம்பெனி நடத்துகிறார். கம்பெனி பாஷை அம்மிக்கும் வந்துவிட்டது. வறுத்த நிலக்கடலையில் ஒன்று கூடுதலாகச் சிவந்திருந்தால் "ஷேடு மாறிப்போச்சுங்க" என்று ஒதுக்குவார். கருகியதும் சொத்தையும் "செகண்ட்ஸ்", அவை காக்காய்க்கு. மீதியோடு ஒரு கைப்பிடி எள் சேரும். தண்ணீர் ஒரு சொட்டுக்கூடக் கூடாது. மாவாகி, கட்டியாகி, பிறகு கடலை தானே எண்ணெய் கக்கி நெகிழும்வரை கை ஓயாது. பதம் பார்க்க நாக்கை நம்பமாட்டார். வெள்ளை பனியன் துண்டில் தடவி வெளிச்சத்தில் தூக்கிப் பிடிப்பார். ஒரு குருணை தெரிந்தாலும் மறுபடி அரைப்புதான்.

பக்கத்து வீட்டுக்காரன் என்பதால் எனக்கு வாரம் ஒரு கிண்ணம் வந்துவிடும். ஆகவே இந்தக் கிறுக்கை நான் கேலி செய்வதோடு சரி, நிறுத்தச் சொன்னதில்லை.

மானம் போவதெல்லாம் அவர் மனைவி மயிலாளுக்குத்தான். போன புதன்கிழமை ரொம்பவே போனது. ஆர்டர் இல்லாமல் பத்து நாளாக மிஷின்கள் சும்மா கிடந்தன. தையல்காரர்கள் இரண்டு பேர் வேறு கம்பெனி தேட ஆரம்பித்திருந்தார்கள். காதர்பேட்டை வியாபாரி சாமியப்பன் நேரில் வந்து பார்த்துவிட்டு, ஆர்டர் உண்டா இல்லையா என்று சொல்வதாக ஏற்பாடு. பத்து மணிக்கு என்றவர் எட்டரைக்கே வந்துவிட்டார்.

கார் சத்தம் கேட்டதும் மயிலாள் பின்வாசலுக்கு ஓடிவந்தார். "ஏனுங்க, எந்திரிங்க! வேலையில்லாம கடலக்கா அரைக்கறாருன்னு நெனச்சுக்குவாங்க."

"வேலையில்லாமத்தான புள்ள அரைக்கறேன். எண்ணெ விடற நேரம். இப்பக் கைய எடுத்தா கட்டி தட்டிப்போயிரும்."

அதற்குள் சாமியப்பன் பின்வாசலுக்கே வந்து நின்றார். கதிர்வேல் நிமிர்ந்து, "வாங்க, வாங்க. ஒரு பத்து நிமிசமுங்க" என்றார். குழவி நிற்கவில்லை.

மதில் மேலாகப் பார்த்துக்கொண்டிருந்த நான் தலையில் அடித்துக்கொண்டேன். தேடி வந்த ஆர்டரை வாசலோடு அனுப்பப் பார்க்கிறாரே மனுஷன்! கதிர்வேல் துணியில் தடவிப் பார்த்தார். "ரிஜெக்ட்" என்று உதட்டைப் பிதுக்கினார். மறுபடி அரைத்தார், மறுபடி ரிஜெக்ட். மூன்றாவது தடவைதான் தலையாட்டினார்.

சாமியப்பன் அந்தத் துணியை வாங்கி வெயிலில் பிடித்துப் பார்த்தார். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "கடலக்காய்க்கே இத்தன செக்கிங்குன்னா எம்பட துணிக்குக் கேக்கோணுமுங்களா? ஆர்டர் உங்குளுக்குத்தானுங்க. மத்தியானமே துணி வந்துரும்" என்று கை குலுக்க வலது கையை நீட்டினார்.

மயிலாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கதிர்வேல் எழுந்தார். இரண்டு கையும் விழுது. நீட்டிய கையை ஒரு கணம் பார்த்தார். புறங்கையால் அதை மெல்லத் தட்டி, உள்ளங்கை மேலே வரும்படி திருப்பினார். அம்மியிலிருந்து ஒரு உருண்டை வழித்து அதன் நடுவில் வைத்தார்.