கையெழுத்துப் போட வேண்டியது யார்?

ஓசூர் ஆஸ்பத்திரியில் இருக்கிறோம். நாளைக் காலை என் வீட்டுக்காரருக்கு இதய ஆபரேஷன். அதற்காகவே பெங்களூரிலிருந்து டாக்டர் வருகிறார்.

மதியம் நர்ஸ் பெண் ஒரு தாளை நீட்டி, "இங்க ஒரு சைன் போடுங்கம்மா" என்றாள்.

ஐந்தாவதுதான் படித்தேன் என்றாலும் நான் கைநாட்டு இல்லை. இனிஷியலோடு முழுப்பெயர் எழுதுவேன். பேனாவைத் திறந்தேன்.

பத்தாவது படிக்கும் பேத்தி கையைப் பிடித்துக்கொண்டாள். "அவ்வா, படிச்சியா?"

"இங்கிலீசுல இருக்குது. எல்லாரும் போடறதுதானே."

"தாத்தா நல்லாத்தானே பேசிட்டிருக்காரு? அவரைக் கேக்காம நீ எப்படிப் போடுவ? எங்க மிஸ் ஒரு வாரமா இதைத்தான் நடத்தறாங்க. உடம்பு யாருதோ அவங்கதான் சம்மதிக்கணும்."

நர்ஸ் சிரித்தாள். "பாப்பா சொல்றது சரிதாம்மா. பேஷண்ட் பயந்துக்குவாருன்னு வீட்டாளுங்களே போட்டுடறாங்க."

பேத்தி கட்டிலில் உட்கார்ந்து அவருக்கு வரிவரியாகத் தமிழில் சொன்னாள். உயிருக்கு ஆபத்து வரலாம் என்ற வரியையும் விடவில்லை. ஆபரேஷன் செய்யாவிட்டால் என்ன ஆகும் என்று வார்டு டாக்டரிடம் கேட்டு வந்து அதையும் சொன்னாள். எனக்குப் பெருமையாகவும் இருந்தது, இதையெல்லாம் ஏன் சொல்கிறாள் என்றும் இருந்தது.

அவர் எல்லாம் கேட்டுவிட்டு, "யோசிச்சுச் சொல்றேன் பாப்பா" என்றார்.

மூன்று மணி நேரமாக யோசிக்கிறார். தாள் தலையணைக்கு அடியில் இருக்கிறது. கல்யாணம் ஆன நாள் முதல் எதைக் கேட்டாலும் "உன் இஷ்டம்" என்றே சொன்ன மனுஷன்.

பேத்தியை மெச்சுவதா, திட்டுவதா? அவர் யோசித்து முடிப்பதற்குள் சொல்லுங்கள்.