வெள்ளிக்கிழமை மட்டும் எரிந்த விளக்கு

எஞ்சின் சூடானால் எரிய வேண்டிய சிவப்பு விளக்கு, எங்கள் வேனில் தன் இஷ்டத்துக்கு எரிந்துகொண்டிருந்தது. வண்டிக்கு இருபது வயது தாண்டிவிட்டது. நான் ஓட்டப் பழகி ஒன்றரை வருஷம்தான் ஆகிறது. வீட்டுக்காரருக்குச் சிறுநீரகம் கைவிட்டபின் பழகியது. செவ்வாயும் வெள்ளியும் கேரள எல்லைக்குள் இருக்கும் முதலமடையிலிருந்து பொள்ளாச்சி ஆஸ்பத்திரிக்கு டயாலிசிஸுக்கு அவரைக் கூட்டிப்போக வேண்டும். முப்பது வருஷம் மாங்காய் லாரி ஓட்டிய மனிதர், பக்கத்து சீட்டில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து வருவார்.

காலை ஏழு மணிக்கு அவருக்குப் படுக்கை. பிந்தினால் பிந்திய நேரம் போனதுதான். பதினொரு மணிக்கு அடுத்த ஆள் வந்து நின்றுவிடுவார். நாலு மணி நேரம் நடக்க வேண்டிய ரத்தச் சுத்திகரிப்பு மூன்று மணி நேரத்தோடு நின்றுவிடும். அன்றைக்கெல்லாம் அவர் கால் வீங்கும், படுத்தால் மூச்சு வாங்கும். இதெல்லாம் அந்த விளக்குக்குத் தெரியுமா? பாதி வழியில் பல்லைக் காட்டும். நிறுத்தியாக வேண்டும்.

மாந்தோப்பு ஓரமாக நிறுத்தி, பானெட்டைத் திறந்து, முக்கால் மணியோ ஒரு மணியோ காத்திருப்பேன். சூடு தணிந்ததும் ரேடியேட்டரில் தண்ணீர் ஊற்றப் போனால் அரை டம்ளர்கூட இறங்காது. "அதுக்கும் டாக்டரு அளவு சொல்லிப்போட்டாரு போல" என்பார், ஒரு நாளைக்கு மூன்று டம்ளர் தண்ணீருக்கு மேல் கூடாதென்று என் காவலில் இருக்கிறவர். எனக்குச் சிரிப்பு வராது. உடம்பு அவ்வளவு அலுத்திருந்தது. சில நாள் ஸ்டியரிங்கில் தலையை வைத்து அப்படியே தூங்கிவிடலாம் போலிருக்கும்.

சனிக்கிழமை வண்டியை வொர்க்‌ஷாப்பில் விடுவேன். மெக்கானிக் மலையாளி, பேரன் எடுத்தவர், பொறுமைசாலி. தெர்மோஸ்டாட்டை மாற்றினார், ரேடியேட்டர் மூடியை மாற்றினார், மணிக்கணக்கில் எஞ்சினை ஓடவிட்டுப் பார்த்தார். விளக்கு எரியவே இல்லை. "ஒரு குழப்பவும் இல்ல சேச்சீ" என்றார். மலையாளத்தில் குழப்பம் என்றால் கோளாறு. எனக்குத் தமிழ்க் குழப்பம் மட்டும் தீரவில்லை.

ஆஸ்பத்திரி நோட்டில் வந்த நேரம் எழுதுவார்கள். ஒருநாள் அதைப் புரட்டியபோதுதான் கண்ணில் பட்டது: பிந்தியதெல்லாம் வெள்ளிக்கிழமை. செவ்வாயில் ஒருநாள்கூட இல்லை. மெக்கானிக்கிடம் சொன்னேன். "வண்டிக்கும் வெள்ளிக்கிழம விரதமா?" என்று சிரித்தார். "எரிஞ்சா அங்கேயே நில்லுங்க, விளிச்சா வரேன்" என்றும் சொன்னார்.

அடுத்த வெள்ளியும் எரிந்தது. கூப்பிட்டேன், பைக்கில் வந்துவிட்டார். பானெட்டைத் தூக்கிக் குனிந்தவர், எஞ்சின் சூட்டை அளக்கும் சென்சாரின் ஒயரைக் கழற்றினார். விளக்கு அணைந்தது. விரலால் அந்த இடத்தைத் துடைத்து என்னிடம் நீட்டினார். ஈரம், மஞ்சள் நிறம்.

"பூஜ செஞ்சோ சேச்சீ? இதுல உப்பும் உண்டு. ஓடற குலுக்கத்துல உப்புத்தண்ணி வழிஞ்சு இங்க பட்டா கரண்டு எஞ்சினுக்கு இறங்கும், லைட்டு எரியும். எஞ்சின் சூடே ஆகல. நீங்க நிறுத்தி வெக்கறப்ப காஞ்சுபோகும், அணைஞ்சிரும்."

நான் பக்கத்து சீட்டைப் பார்த்தேன். வீட்டுக்காரர் மாந்தோப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். மஞ்சள்தண்ணீரில் கல்லுப்புப் போட்டு வெள்ளிக்கிழமை வண்டிக்குத் தெளிப்பது அவருடைய லாரிக்காலப் பழக்கம். டயருக்கு மட்டும் போதாது, எஞ்சினுக்கும் தெளிக்க வேண்டும் அவருக்கு. நான் உள்ளே சாப்பாடு கட்டுகிற நேரத்தில் நடந்திருக்கிறது.

மெக்கானிக் துடைத்து மாட்டிக் கொடுத்தார். வண்டியைக் கிளப்பினேன். கோபத்தில் கியர் சரியாக விழவில்லை.

"ஏனுங்க, எத்தன வெள்ளிக்கெழம இப்படி ஒரு மணி நேரம் போச்சு? ஆரு ஒடம்பு வீங்குச்சு? தெளிச்சேன்னு ஒரு வார்த்த சொல்லக் கூடாதுங்களா?"

"அதுனாலதான்னு எனக்கென்ன தெரியும்?" என்றார். கொஞ்ச தூரம் போனபின், "நீ புதுசா ஓட்டறே. ரோட்டுல டிப்பர் லாரிக்காரன் வர்ற வேகத்தப் பாக்கறயல்ல. உனக்கு ஒண்ணும் ஆகக்கூடாதுன்னு தெளிச்சேன். எனக்கு வேற என்ன செய்ய முடியுது?"

கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. ரோட்டைப் பார்த்து ஓட்டினேன்.

அன்றும் ஒரு மணி நேரம் போனது போனதுதான். ஊசி ஏற்றி மெஷினை ஓடவிட்டு நர்ஸ் நகர்ந்தபின், போர்வையை இழுத்துவிட்டுச் சொன்னேன்: "இனிமே டயருக்கு மட்டும் நானே தெளிச்சுக்கறேன். நீங்க பேசாம வண்டியில உக்காருங்க."

"நீ எனக்காகத்தான் தெளிப்பே" என்றார் கண்ணை மூடிக்கொண்டே. "அப்பறம் உனக்கு ஆரு தெளிப்பா?"