கணுக்காலிலிருந்து தலைவரை

மொட்டை மாடியில் உடுப்புக் காயப்போட்டுவிட்டு இறங்கும்போது ஈரப்படியில் வழுக்கி விழுந்தேன். முள்ளந்தண்டு நரம்பில் அடி என்றார்கள். அன்றிலிருந்து என் கால்கள் வேறு ஏதோ ஊரில் இருந்தன. போர்வையை விலக்கினால் கண்ணுக்குத் தெரியும், தொட்டால் தெரியாது. சத்திரசிகிச்சை முடிந்ததும் வெள்ளவத்தையில் அக்கா வீட்டுக் கீழறையில் கிடத்தினார்கள். அங்கே கடல் இரைவதும் ரயில் போவதும் ஒன்றுக்குள் ஒன்றாகக் கேட்கும். பாதி நேரம் நித்திரை, மீதி நேரம் நித்திரை மாதிரி ஒன்று.

எங்கள் வீடு கொட்டாஞ்சேனையில், லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் மூன்றாம் மாடி. வாடகை வீடு. திரும்பி வருவீர்களா, வேறு ஆளுக்குக் கொடுக்கட்டுமா என்று வீட்டுக்காரர் கேட்டுக்கொண்டிருந்தார். "விட்டுட்டு இஞ்சையே இருங்கோ" என்றாள் அக்கா. எனக்கு அந்த வீடு வேண்டும். துறைமுகத்தில் கப்பல் ஊதும்போது அடுப்படி யன்னல் மெல்ல அதிரும். அந்த அதிர்வும் வேண்டும். ஆனால் நடப்பேனா என்று தெரியாமல் என்ன பதில் சொல்வது?

"நரம்புக்கு ஒரு டெஸ்ட் செய்து பாப்பம்" என்றார் டொக்டர். "கணுக்காலிலை சின்னதாக் கரண்ட் குடுத்தா, அந்தச் சிக்னல் தலைக்கு வந்து சேருதோ எண்டு பாக்கலாம். அதுக்குப் பிறகு கதைப்பம்."

டெஸ்ட் அன்று காலை என் கணவர்தான் எனக்குத் தலை வாரினார். கல்யாணமாகி இத்தனை வருடமாக என் தலைமயிரைத் தொடாத மனிதர், நான் விழுந்த பிறகு பின்னப் பழகியிருந்தார். தேங்காய் எண்ணெயை அள்ளி வைத்து, படிய வாரி, இறுக்கிப் பின்னினார்.

"என்னைப் பொம்பிளை காட்டவோ கொண்டுபோறியள்?" என்று கேட்டேன்.

"பேசாமல் இரும், வகிடு கோணுது" என்றார்.

ஆஸ்பத்திரியில் குளிரான சின்ன அறை. டெஸ்ட் எடுக்கும் சிங்களப் பெண் என் கணுக்காலில் கம்பியை ஒட்டி, கரண்ட் சரியா என்று பார்க்கச் சுவிட்சைப் போட்டார். என் பெருவிரல் துடித்ததாம். எனக்கு ஒன்றும் தெரியவில்லை, கண்டது என் கணவர்தான். "விரல் ஆடுது" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழத் தொடங்கிவிட்டார். அந்தப் பெண் சங்கடத்தோடு சிங்களத்தில் விளக்கினார். கரண்ட் பட்டால் விரல் ஆடத்தான் செய்யும், தலைக்கு வந்து சேருகிறதா என்பதுதான் விஷயம்.

பிறகு என் தலையைத் தொட்டுவிட்டுத் தன் விரல்களைப் பார்த்தார். ஒட்டவேண்டிய கம்பிகள் எண்ணெயில் வழுக்கின. எண்ணெய் வைக்காமல் வரும்படி என் கணவரிடம் முன்பே சொல்லியிருந்தார்களாம். வெறுந்தலையோடு என்னை வெளியே கூட்டிவர அவருக்கு மனம் வரவில்லை. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. சக்கர நாற்காலியைத் திருப்பி, கை கழுவும் பேசினில் என் தலையைச் சாய்த்து, அவரே சவர்க்காரம் போட்டுக் கழுவினார். தண்ணீர் ஓட ஓடக் கோபமும் ஓடிவிட்டது.

ஈரம் துவட்டி, கம்பிகளை ஒட்டி, விளக்கை அணைத்தார்கள். ஒரு தடவை கொடுக்கும் கரண்டில் ஒன்றும் தெரியாதாம்; திரும்பத் திரும்பக் கொடுத்து எல்லாவற்றையும் சேர்த்தால்தான் திரையில் அலை எழும்புமாம். கண்ணை மூடிக் கிடந்தேன். எங்கள் கட்டடப் படிகளில் யாரோ ஏறிவருவதுபோல் இருந்தது. என் கணவருக்குக் கொச்சிக்கடையில், துறைமுகச் சாமான் கிடங்கில் வேலை. கப்பல் வந்தால் வீட்டுக்கு வர நேரமாகும். கதவைச் சாத்தாமல் படுத்தபடி அவருடைய காலடியைத்தான் கேட்டுக்கொண்டிருப்பேன். இப்போது என் காலுக்காக என் தலை அப்படிக் காத்திருந்தது. அந்தச் சிக்னல் இரண்டாம் மாடியில் நின்று மூச்சு வாங்குகிறதோ, திரும்பிப் போய்விட்டதோ, எனக்குத் தெரியவில்லை. பயமாக இருந்தது.

"வலது பக்கம் வருது" என்றார் டொக்டர். "சின்னனாத்தான், பிந்தித்தான் வருது. இடது பக்கம் இப்போதைக்கு ஒண்டும் காணேல்லை. இது நல்ல அறிகுறி. ஆனா நடப்பீங்கள் எண்டு எழுதித்தர என்னாலை ஏலாது."

இது ஓமா இல்லையா என்று ஓட்டோவில் வரும் வழியெல்லாம் அழுதேன். அக்கா வீட்டு வாசலில் இறங்குமுன் என் கணவர், கொட்டாஞ்சேனை வீட்டுக்காரருக்கு ஃபோன் எடுத்தார். "வீட்டை ஒருத்தருக்கும் குடுக்காதேங்கோ. நாங்கள் வருவம்."

"டொக்டர் சொன்னது காதிலை விழேல்லையே? உறுதி இல்லை எண்டவர்" என்று சீறினேன்.

"பிந்தி வருது எண்டும் சொன்னவர்" என்றார் அவர். "நான் பிந்தி வந்த நாளெல்லாம் நீர் கதவைப் பூட்டிப்போட்டே படுத்தனீர்?"

இதை அந்த மூன்றாம் மாடியில் இருந்துதான் எழுதுகிறேன். இடது கால் இன்னும் இழுக்கும். ஒரு தடவை இறங்கினால், படிக் கைப்பிடிக் கம்பியைப் பிடித்து ஏறி வர வெகுநேரம் பிடிக்கிறது. கைகொடுக்க வந்தால் எனக்குக் கோபம் வரும் என்று அவருக்குத் தெரியும். கதவைத் திறந்து வைத்துவிட்டு, மேலே நின்று என் காலடியைக் கேட்டுக்கொண்டிருப்பார்.