ஞாயிற்றுக்கிழமை பாடு

போன ஞாயிறு பழவேற்காட்டில் ஒரு பர்த்டே பார்ட்டி. கேக் சாப்பிடப் போன நான், வம்பை விலைக்கு வாங்கிக்கொண்டு திரும்பினேன்.

என் தோழி வசந்தி அங்கே ஸ்டுடியோ வைத்திருக்கிறார். களிமண் சிற்பி. டச்சுக் கல்லறைக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு பழைய வீட்டின் முன் ஹால். சும்மா கிடக்கிற ஞாயிறுகளில் பார்ட்டிக்கு விடலாமே என்று யோசனை. குழந்தைகள் மண் பிசைவார்கள், பெரியவர்கள் அரட்டை அடிப்பார்கள்… நல்ல ஐடியாதானே?

"ரூல்ஸ் ஏதாவது எழுதி மாட்டினீங்களா?" என்று கேட்டேன்.

"டச்சுக்காரன் காலத்துச் சுவர் சார். ஆணி இறங்க மாட்டேங்குது" என்றார்.

முதல் பார்ட்டி தேவகியுடையது. ஏரியில் மீன் பிடிக்கிற குடும்பம். மகளுக்கு ஏழு வயது நிறைகிறது. இடம் பார்க்க வந்தபோது தேவகி, "அன்னிக்கு வேற யார்னா வருவாங்களாக்கா?" என்று கேட்டிருக்கிறார். வசந்தி காட்டூர்ப் பெண், விவசாயக் குடும்பம். மீனவர்கள் பாஷையில் சொன்னால் நெருக்கமாக இருக்குமே என்று நினைத்து, "யாரும் வர மாட்டாங்க. ஞாயித்துக்கிழமை பாடு உங்களுதுதான்" என்று சொல்லிவிட்டார்.

பாடு என்றால்? ஏரியில் எந்த இடத்தில் யார், என்றைக்கு வலை போடுவது என்று மீனவர்கள் முறை வைத்திருக்கிறார்கள். அதன் பேர் பாடு. இன்றைக்கு உங்கள் பாடு என்றால் அந்த இடம் உங்களுக்கு. அங்கே கிடைப்பதும் உங்களுக்கு. அடுத்தவர் வாய் திறக்க முடியாது.

வசந்திக்கு இதில் முதல் பாதிதான் தெரியும்.

ஹாலில் ஒரு அலமாரி. அதில் இருபத்து நான்கு மண் மீன்கள் காய்ந்துகொண்டிருந்தன. மடவை, கொடுவா, கெளுத்தி… செதில், மீசை ஒன்றும் விடாமல் செதுக்கியவை. இன்னும் சூளையில் வைக்கவில்லை. மாதக் கடைசியில் சென்னையில் கண்காட்சி. வசந்தியின் வாழ்க்கையில் முதல் கண்காட்சி.

பார்ட்டி முடிந்தது. குழந்தைகளுக்குக் கை கழுவிவிட வசந்தி கொல்லைப்புறக் குழாயடிக்குப் போனார். தேவகி அலமாரியிலிருந்து மீன்களை ஒவ்வொன்றாக எடுத்து, பேப்பரில் சுற்றி, கிளம்புகிற குழந்தைகளிடம் கொடுக்க ஆரம்பித்தார். "நீங்களும் ரெண்டு சுத்துங்க சார்" என்றார். ரிட்டர்ன் கிஃப்ட் போலிருக்கிறது, வசந்திக்குத்தான் எவ்வளவு பெரிய மனசு என்று நினைத்தேன். ஒன்பது மீன் சுற்றினேன். வாலை உடைக்காமல் சுற்றினேன் என்று பெருமை வேறு.

கடைசிக் குழந்தையும் போன பிறகு வசந்தி உள்ளே வந்தார். அலமாரியைப் பார்த்தார். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"என் மீனெல்லாம் எங்கே?"

தேவகிக்குக் கோபம் இல்லை, திகைப்புதான். "நீதானக்கா பாடு எங்களுதுன்னு சொன்னே? அப்ப கெடைச்சதும் எங்களுதுதானே?"

அது கண்காட்சிக்குச் செய்தது, பாடு என்று சொன்னது ஹாலை மட்டும்தான் என்று வசந்தி சொன்னார். விஷயம் புரிந்ததும் தேவகி மீன் கூடையை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனார். பொழுது சாய்வதற்குள் பதினெட்டு மீன் திரும்பி வந்தது. மூன்று உடைந்துவிட்டன. இரண்டை யார் கொண்டுபோனார்கள் என்று தெரியவில்லை. மிச்சம் ஒன்றை ஒரு சிறுமி பக்கெட் தண்ணீரில் விட்டிருக்கிறாள். "நீந்தும்னு வுட்டேன்" என்றாளாம். சுடாத மண் எங்கே நீந்தும்… கரைந்துவிட்டது.

எனக்கு வெட்கமாக இருந்தது. கேட்டுவிட்டுச் சுற்றியிருக்கலாமே? பிராயச்சித்தமாக அன்றே உட்கார்ந்து ஸ்டுடியோவுக்கு ஒரு ஒப்பந்தம் எழுதினேன். இரண்டு பக்கம். எதைத் தொடக்கூடாது, எத்தனை மணிக்கு மேல் இருக்கக்கூடாது, எங்கே கேக் வெட்டக்கூடாது — ஒன்றையும் விடவில்லை.

செவ்வாய்க்கிழமை அதை எடுத்துக்கொண்டு போனேன். தேவகி அங்கே மண் பிசைந்துகொண்டிருந்தார். மீன் விற்று முடித்ததும் தினமும் வருகிறாராம். குறைகிற ஆறு மீன்களையும் மாதக் கடைசிக்குள் செய்தாக வேண்டுமே.

படித்துக் காட்டினேன். தேவகி பொறுமையாகக் கேட்டார்.

"எல்லாம் சரி சார். எது அக்காவுது, எது எங்களுதுன்னு எங்க கீது?"

"அலமாரியில இருக்கிறது அக்காவோடது."

"சரி. எங்களுது இன்னா? பொறந்த நாளுக்கு வந்த கொழந்த வெறுங்கையோட போவுமா?"

வசந்தி சிரித்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அவர் சிரித்தது அப்போதுதான். பேனாவை வாங்கி, எல்லாவற்றுக்கும் மேலே அவரே எழுதினார்: 'குழந்தைகள் கையால் செய்தது குழந்தைகளுக்கே.'

நல்ல பிரதி எடுக்க வாங்கி வந்த என் இரண்டு பக்கத்தையும் பஸ்ஸில் மறுபடி படித்துப் பார்த்தேன். 'கூடாது' பதினேழு இடத்தில் இருந்தது; 'தருவோம்' ஓர் இடத்திலும் இல்லை.