சுரண்டாதீங்க

வேலைக்குப் போன வீட்டிலெல்லாம் பெயின்டருக்கு ஒரே பல்லவிதான்: "சுவத்தச் சும்மா சுரண்டாதீங்க. ஓதம் எங்கருந்து வருதுன்னு முதல்ல பாருங்க." குழாய் உள்ளே கசிந்துகொண்டிருந்தால், எத்தனை தடவை சுரண்டிப் பட்டி பூசினாலும் சுவர் மறுபடி உப்பத்தான் செய்யும். ஊருக்கெல்லாம் இதைச் சொன்ன மனுஷர் தன் உடம்பு விஷயத்தில் மட்டும் வாயைப் பூட்டிக்கொண்டார்.

கணுக்காலுக்கு மேலே ஒரு சிவந்த கொப்புளம் வந்தது. ஏணி உரசியிருக்கும் என்று விட்டுவிட்டார். நாலே நாளில் அது உடைந்து, ஓரம் கருநீலமாகி, உள்ளங்கை அகலத்துக்குக் குழி விழுந்தது. ஆஸ்பத்திரியில் சுரண்டிச் சுத்தம் செய்தார்கள். புண் இன்னும் பெரிதானது. மறுபடி சுரண்டினார்கள், உயிர் போகிற வலி. இப்படியே பரவினால் காலையே எடுக்க வேண்டியிருக்கும் என்றார்கள். ஏணி ஏறாத பெயின்டரை யார் கூப்பிடுவார்கள்? சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்து அழுதார்.

மூன்றாம் தடவை சுரண்டுவதற்கு முன் தோல் டாக்டரம்மா வந்து பார்த்தார். "வயித்துல ஏதாச்சும் தொந்தரவு உண்டா?"

"இல்லீங்க" என்றார், பழக்க தோஷத்தில். ஒரு வருஷமாக வெளிக்குப் போகும்போது ரத்தமும் சளியுமாகப் போவதைக் கட்டின மனைவியிடம்கூட அவர் சொன்னதில்லை. அடுத்தவர் வீட்டில் கக்கூஸ் கேட்க வெட்கப்பட்டு, பகலெல்லாம் பட்டினி கிடப்பார். இளைத்ததற்கு வெயில்மேல் பழி போட்டிருந்தார்.

நர்ஸ் தட்டில் கத்தியை எடுத்து வைத்தாள். 'ணங்' என்றது. பட்டித் தகட்டைத் தரையில் வைத்தால் கேட்கும் அதே சத்தம்.

"சுரண்டாதீங்க!" என்று அலறினார். "உள்ள கசியுது டாக்டர்! ஒரு வருஷமா ரத்தமாப் போகுது!"

வார்டே திரும்பிப் பார்த்தது. "அடப்பாவி மனுஷா, எங்கிட்டகூடச் சொல்லலையே!" என்று கட்டிலோரம் நின்ற மனைவி தலையில் அடித்துக்கொண்டாள்.

டாக்டரம்மா தட்டைத் தள்ளி வைத்தார். "இது கிருமிப் புண் இல்லன்னு நினைக்கிறேன். உங்க உடம்பே உங்க குடலோடயும் தோலோடயும் சண்டை போடுது. கத்தி பட்டா இன்னும் சீறும். குடலைப் பாத்துட்டு, மருந்துல அடக்குவோம்."

குழாய் விட்டுப் பார்த்தார்கள், குடலெல்லாம் புண். மருந்து தொடங்கிச் சில நாளில் வலி விட்டது. ஐந்து மாதத்தில் குழி மூடி, மெல்லிய தழும்பு மட்டும் மிஞ்சியது. கால் அவருடையதாகவே இருந்தது.

குணமானபின் கிடைத்த முதல் வேலை ஒரு மாடி வீடு. ஏணி, வாளி, பிரஷ் எல்லாம் இறக்கினார். வீட்டுக்காரர் கலர் அட்டையை நீட்டினார்.

"கலர் கிடக்கட்டும் சார், முதல்ல கக்கூஸ் எங்கன்னு காட்டுங்க!" என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னார் பெயின்டர். போய்விட்டு வந்து, கைலியை மடித்துக் கட்டி, தழும்பு ஊருக்கே தெரிய ஏணியின் உச்சிக்கு மளமளவென்று ஏறினார்.